தண்ணீர் போன வழியைப் படியுங்கள்: கைவிடப்பட்ட ரயில் பாதைகளைத் தேடிப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

கைவிடப்பட்ட ரயில் பாதை என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் எழும். துருப்பிடித்த இரண்டு தண்டவாளங்கள், நடுவே புல், இருபுறமும் மரம் கவிழ்ந்த பச்சைக் குகை. அந்தப் படத்தை நானும் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். ஒருநாள் எல்லாவற்றையும் திரையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எது எந்தப் பாதை என்று எடுத்த எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகுதான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வியோடு நடக்கப் பழகினேன். செடி இங்கே ஏன் வந்தது, பத்தடி தள்ளி ஏன் வரவில்லை? பதில் பத்தில் ஒன்பது முறை தண்ணீர்தான்.

ரயில் பாதை போட்டவர்களுக்கு எப்போதும் பெரிய எதிரி தண்ணீர். ஜல்லி கொட்டுவது ரயிலின் பாரத்தைப் பரப்ப மட்டுமல்ல, மழைநீர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் வடியவும் களை வேர்பிடிக்காமல் இருக்கவும்தான். வெட்டிய குன்றுகளின் அடியில் வடிகால், மண்கரைகளுக்குக் கீழே தண்ணீர் கடந்துபோக மதகு என எல்லாமே அந்த ஒரு பயத்தில் கட்டியவை. பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் வருவது நின்ற மறுவருடமே இலைச்சருகும் தூசியும் ஜல்லியின் இடுக்குகளை நிரப்ப ஆரம்பிக்கும். இடுக்கு நிறைந்தால் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் பாசி, பாசிக்கு மேல் புல், புல்லுக்குப் பின் புதர், அப்புறம் மரம். வடிகால் அடைபட்ட வெட்டு ஓடையாகிவிடும். மதகு தூர்ந்தால் கரையின் மேட்டுப் பக்கம் குளம் கட்டும், ஒரு பெருமழையில் கரையே அறுத்துக்கொண்டு போகும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் தேடுவது, நடப்பது, ஆபத்தைத் தவிர்ப்பது, படமெடுப்பது எல்லாமே சுலபமாகும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதற்கே திரும்பி வருவேன்.

படி 1: பாதை உண்மையிலேயே செத்துவிட்டதா?

உக்ரைனில் கிளெவான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘காதல் சுரங்கம்’ என்று பெயர்பெற்ற ஒரு பாதை இருக்கிறது. மரங்கள் வளைந்து அச்சில் வார்த்தது போன்ற பச்சைக் குழாய். கைவிடப்பட்ட ரயில் பாதை என்ற தலைப்பில் இணையத்தில் அதிகம் சுற்றும் படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது கைவிடப்பட்ட பாதையே அல்ல. ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு ரயில் போய்வந்த தடம் அது. மரங்களுக்கு அந்த வடிவத்தைக் கொடுத்ததே கிளைகளை உரசிக்கொண்டு போன ரயில்தான். யோசித்துப் பார்த்தால் உண்மையில் செத்த பாதையில் அவ்வளவு சுத்தமான குழாய் உருவாக வழியில்லை. மரம் நடுவிலேயே முளைத்து நிற்கும்.

ஆக, முதல் சோதனை தாவரம். தண்டவாளங்களுக்கு இடையில் விரல் கனத்துக்கு மேல் தண்டுள்ள செடி நிற்கிறதா? நின்றால் அங்கே சில பருவங்களாக எதுவும் ஓடவில்லை. இரண்டாவது சோதனை தண்டவாளத்தின் தலை. சக்கரம் ஓடும் மேற்பரப்பு பளபளவென்று இருந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். துரு ஏறியிருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. ஒரே மழையில் மேல்துரு வந்துவிடும், வருடத்துக்கு நாலு முறை மட்டும் வண்டி போகும் தடங்களும் உண்டு. துரு செதில் செதிலாகப் பெயர்கிறதா, தண்டவாள இணைப்புகளில் மண் அடைத்திருக்கிறதா, லெவல் கிராசிங்கில் சாலைத் தார் தண்டவாளத்தை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன். அப்போதும் தண்டவாளத்துக்கு நடுவில் முக்காலியை வைத்துவிட்டுக் காதில் பாட்டு மாட்டுவது கிடையாது.

படி 2: வீட்டில் இருந்தபடியே தேடுவது

பெரும்பாலான பாதைகளில் தண்டவாளம் இருக்காது. இரும்பு விலைபோகும் பொருள், முதலில் அதுதான் போகும். மிஞ்சுவது தடத்தின் வடிவம். அந்த வடிவத்தை மேலிருந்து அடையாளம் காண ஒரு விதி போதும்: ரயிலால் திடுக்கென்று திரும்பவும் முடியாது, ஏறவும் முடியாது. சாதாரணப் பாதை 100 மீட்டருக்கு ஓரிரு மீட்டருக்கு மேல் ஏறாது. அதனால்தான் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிப் போவார்கள். செயற்கைக்கோள் படத்தில் வயல்களின் வரப்புகளை மதிக்காமல் குறுக்கே செல்லும் நீண்ட மெல்லிய வளைவு தெரிந்தால், அதில் மரங்கள் வரிசையாக நின்றால், அது சாலையும் இல்லை, ஓடையும் இல்லை என்றால், பெரும்பாலும் அது ரயில் போன தடம்தான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இதற்கென்றே மூன்று வகைக் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் இருக்கிறது, வண்டி ஓடவில்லை என்பது ஒன்று. தண்டவாளம் போய்விட்டது, தடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது இரண்டாவது. எதுவுமே மிஞ்சவில்லை என்பது மூன்றாவது. அதே தரவை ரயில் பாதைகளுக்கு மட்டும் வரைந்து காட்டும் ஓப்பன்ரயில்வேமேப்பில் இவற்றைத் தனித்தனிக் கோடுகளாகப் பார்க்கலாம். படமெடுப்பவருக்கு முதல் இரண்டு வகை போதும். இரண்டாவது வகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என் நல்ல படங்களில் பாதி தண்டவாளமே இல்லாத இடங்களில் எடுத்தவை.

அடுத்து பழைய வரைபடங்கள். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தயாரித்த 1:2,50,000 அளவு வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தெற்காசியாவின் பெரும்பகுதி அதில் உண்டு. 1960 முதல் 1972 வரை எடுக்கப்பட்ட ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள் படங்கள் 1995-இல் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் அவற்றைத் தேடலாம். ஒரு பாதை ஓடிக்கொண்டிருந்த காலத்து நிழலை அதில் பார்ப்பது தனிப் போதை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பதும் உதவும். மழை முடிந்த மாதத்தின் படத்தையும் கோடையின் படத்தையும் ஒப்பிடுங்கள். கோடையிலும் ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது. நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.

பாதை ஏன் மூடப்பட்டது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அது நீங்கள் பார்க்கப்போகும் காட்சியையே மாற்றும். பிரிட்டனில் 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கை சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடச் சொன்னது. கணக்குப் பார்த்து மூடிய பாதைகளில் தண்டவாளத்தை ஒழுங்காகக் கழற்றி எடுத்திருப்பார்கள், பாலங்களும் கரைகளும் முழுசாக நிற்கும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்தது வேறு கதை. புயலும் கடலும் ஒரு ரயிலையும் நிலையத்தையும் பாதையையும் ஒன்றாகக் கொண்டுபோயின. அங்கே மிஞ்சியவை உடைந்த சுவர்கள், மேலே மூடும் மணல். இயற்கை என்றால் பச்சை என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. பொலிவியாவின் உயூனியில் உப்புப் பாலைவனத்தின் விளிம்பில் நீராவி எஞ்சின்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு இலைகூடக் கிடையாது. உப்புக் காற்றுதான் அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது.

படி 3: அனுமதி

சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். ரயில் ஓடாத நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல. தண்டவாளம் கழற்றி ஐம்பது ஆண்டு ஆனாலும் நிலம் ரயில்வேயிடமோ வனத்துறையிடமோ தனியாரிடமோ இருக்கும். இந்தியாவில் ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். அமெரிக்காவில் 1983 முதல், பின்னாளில் ரயில் திரும்ப வரலாம் என்று நிலத்தைக் காத்துவைத்து அதுவரை நடைபாதையாக விடும் ஏற்பாடு இருக்கிறது. ஸ்பெயினில் 1993-இல் தொடங்கிய ‘வியாஸ் வெர்தெஸ்’ திட்டம் 3,000 கிலோமீட்டருக்கும் மேலான பழைய பாதைகளை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்படித் திறந்துவிட்ட இடத்தில் கைபழகுவதே நல்லது. பெர்லினின் ஸூட்கெலேண்டே பூங்கா இதற்கு அருமையான உதாரணம். 1952-இல் மூடப்பட்ட, சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு அது. பல பத்தாண்டுகள் யாரும் தொடாததால் தண்டவாளங்களுக்கு நடுவே பிர்ச் மரக் காடே வளர்ந்தது. காட்டை வெட்டாமல் 18 ஹெக்டேரையும் அப்படியே 2000-இல் பூங்காவாகத் திறந்தார்கள். பயமில்லாமல், அவசரமில்லாமல், ஒரே மரத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நிற்கலாம். திருட்டுத்தனமாக நுழைந்த இடத்தில் எடுத்த படத்தில் அவசரம் தெரியும். என் பழைய படங்களில் தெரிகிறது.

எந்த ஊரானாலும் பாதையோரம் குடியிருப்பவரிடம் முதலில் பேசுங்கள். கரை எங்கே அறுந்திருக்கிறது, எந்தக் கிணறு மூடாமல் கிடக்கிறது, கடைசி வண்டி எப்போது போனது என்று எந்த வரைபடமும் சொல்லாததை அவர் சொல்வார்.

படி 4: எடுத்துப் போவதும் பயப்பட வேண்டியதும்

கணுக்காலை மூடும், அடிப்பாகம் கடினமான காலணி. முழுக்கை, முழுக்கால் உடை. கையுறை. தலைவிளக்கு ஒன்று, கைவிளக்கு ஒன்று. தண்ணீர், விசில், முதலுதவிப் பொருட்கள், கையில் ஒரு நீளக் கழி. போகும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் துணையோடு போவது இன்னும் நல்லது. சாமான் பட்டியல் அவ்வளவுதான். பயங்களைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் பயம் பாலம். தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகள் மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே மழைநீர் இறங்கி மாவாகியிருக்கும். ஆணி அடித்த துளைதான் தண்ணீர் நுழையும் வாசல், அதனால் அழுகலும் அங்கேதான் தொடங்கும். கழியால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். அதை நம்பி நான் எந்தப் பாலத்திலும் ஏறுவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த கின்ஸுவா பாலம் ஒரு காலத்தில் உலக அதிசயம் என்று கொண்டாடப்பட்ட இரும்புப் பாலம். வணிக ரயில்கள் 1959-இலேயே நின்றுவிட்டன. 2003 ஜூலையில் ஒரு சூறாவளி சில நொடிகளில் அதன் பெரும்பகுதியைச் சாய்த்தது. அடித்தளத்தில் பிடித்துவைத்த இரும்புகள் துருவேறியிருந்ததும் காரணம். பாலத்தைக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். படமும் அப்படித்தான் நன்றாக வரும், மேலே நின்றால் பாலமே தெரியாது.

இரண்டாவது பயம் அறுந்த கரை. கீழே மண் போய்விட்ட பிறகும் தண்டவாளமும் ஸ்லீப்பரும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே கொடி படர்ந்திருந்தால் தரை என்றே தோன்றும். மதகு இருக்கும் இடத்துக்கு இருபதடி முன்பே கரையை விட்டு இறங்கி, பக்கவாட்டில் பார்த்துவிட்டுப் போவதை வழக்கமாக்குங்கள்.

மூன்றாவது பயம் சுரங்கம். இரண்டு முனையும் திறந்து, மறுமுனை வெளிச்சம் தெரிந்து, முகத்தில் காற்று படுகிறதா? அப்படியானால் வாசலருகே நின்று எடுக்கலாம். ஒரு முனை அடைபட்ட சுரங்கத்துக்குள் போகவே கூடாது. பிராணவாயு குறைந்த காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கூரையில் புதிதாகத் தண்ணீர் சொட்டும் இடம், தரையில் புதிதாக விழுந்த செங்கல், இவை திரும்பிப் போகச் சொல்லும் அடையாளங்கள். வௌவால்கள் இருந்தால் உள்ளே போகாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அவற்றின் எச்சத்தில் வளரும் பூஞ்சை நம் நுரையீரலைத் தாக்கும். நம் காலணியில் ஒட்டிக்கொண்டு போகும் பூஞ்சை அவற்றைக் கொல்லும். 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் முதலில் கவனிக்கப்பட்ட வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்களை அழித்துவிட்டது.

பழைய மர ஸ்லீப்பர்களில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். வெயிலில் மணக்கும் அது தோலுக்கு ஆகாது. அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். பாதையோரம் பழுத்துத் தொங்கும் பழங்களையும் விட்டுவிடுங்கள். பல ஆண்டுகள் களைக்கொல்லி தெளித்த மண் அது. பாம்பு, தேள், உண்ணி எல்லாம் உண்டு. கழியை முன்னே தட்டி, காலைப் பின்னே வைத்தால் போதும்.

படி 5: கேமரா இல்லாமல் ஒரு நடை

முதல் நாள், அல்லது முதல் ஒரு மணி நேரமாவது, படம் எடுக்காமல் நடங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

கரை, வெட்டு, மதகு, நிலையம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனித் தாவரம் இருப்பதைப் பார்ப்பீர்கள். கரையின் உச்சியில் தண்ணீர் நிற்காது, வறட்சி தாங்கும் செடிகள் மட்டும் இருக்கும். வெட்டின் அடியில் வெயில் குறைவு, ஈரம் அதிகம். பெரணியும் பாசியும் சுவரேறும், மே மாதத்திலும் கை வைத்தால் குளிரும். பாலத்தின் கல் இடுக்குகளில், பறவை போட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் முளைத்து வேரால் கல்லைப் பிளந்துகொண்டிருக்கும். நிலையம் இருந்த இடத்தில் யாரோ நட்ட பூச்செடி இன்னும் பூத்துக்கொண்டிருக்கலாம். கட்டடமே இல்லாமல் ஒரு வரிசை அலரி மட்டும் நின்றால் அங்கே நடைமேடை இருந்ததா என்று மண்ணைத் தள்ளிப் பாருங்கள்.

ரயிலே கொண்டுவந்த செடிகளும் உண்டு. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் என்றொரு மஞ்சள் பூச்செடி. இத்தாலியின் சிசிலித் தீவில் எரிமலைச் சரிவில் வளர்ந்த குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டின் தாவரவியல் தோட்டத்திலிருந்து தப்பி ஊர்ச் சுவர்களில் ஒண்டிக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து நிலக்கரிச் சாம்பலையும் ஜல்லியையும் கொட்டியதும், பிறந்த எரிமலையே திரும்பக் கிடைத்தது போல் ஆனது அதற்கு. வண்டிகள் கிளப்பிய காற்றில் விதை பறந்து நாடு முழுக்கப் பரவியது. இப்படி ஒரு செடியை அடையாளம் கண்டுவிட்டால் உங்கள் படத்தில் இருப்பது வெறும் மஞ்சள் பூ அல்ல, ரயிலேறி வந்த ஒரு பயணி.

இரும்பையும் படியுங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில், இரண்டு விளிம்புகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பகுதியில், செய்த ஆலையின் பெயர், ஆண்டு, ஒரு கஜத்துக்கோ மீட்டருக்கோ எடை என்று புடைப்பெழுத்து இருக்கும். துருவில் தெரியாவிட்டால் கைவிளக்கைத் தண்டவாளத்தோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடியுங்கள், எழுத்து எழுந்து வரும். இரும்பு ஸ்லீப்பர்களிலும் ஆண்டு இருப்பதுண்டு. தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு இடையே அளந்தால் பாதையின் வகை தெரியும்: 1,676 மில்லிமீட்டர் என்றால் அகலப் பாதை, 1,435 என்றால் உலகத்தின் பெரும்பகுதியில் ஓடும் நிலையான பாதை, 1,000 என்றால் மீட்டர் கேஜ், 762-உம் 610-உம் குறுகிய பாதைகள். தண்டவாளமே இல்லையா? மழைக்கு மறுநாள் வாருங்கள். ஸ்லீப்பர்கள் அழுத்திய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, ஏணிப்படிகளைத் தரையில் படுக்கவைத்தது போல வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் கைவிடப்பட்ட பாதையில் எடுக்கக்கூடிய மிக நேர்மையான படம் இதுதான். ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை, அதன் பாரம் மட்டும் இருக்கிறது.

படி 6: படமெடுப்பது

வெளிச்சத்திலிருந்து தொடங்கலாம். நல்ல வெயிலில் மரத்தடிப் பாதையை எடுக்காதீர்கள். இலை இடுக்கில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வெளிறிப்போகும், நிழல்கள் கறுத்துப்போகும், எந்தக் கேமராவும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது. மேகம் மூடிய நாள், மழை விட்ட அரைமணி நேரம், இவைதான் பொற்காலம். நனைந்த துரு ஆழ்ந்த செம்பழுப்பாகும், பாசி கண்ணைப் பறிக்கும். நிறச் சக்கரத்தில் செம்பழுப்பும் பச்சையும் கிட்டத்தட்ட எதிரெதிரே நிற்பவை, உங்கள் பங்குக்கு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. நனைந்த இலைகள் மட்டும் வானத்தின் வெள்ளையைத் திருப்பி அடிக்கும். அதற்குப் போலரைசர் வடிகட்டி. மெல்லச் சுழற்றினால் பளபளப்பு விலகி உள்ளே இருக்கும் பச்சை வெளிவரும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) என்பதால் முக்காலி வேண்டும். நீர்த்தேக்கத்தை எடுக்கும்போது வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், வானத்தின் பிரதிபலிப்பையும் அது அழித்துவிடும்.

பாதை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேர் கிழக்கு-மேற்காகப் போகும் பாதையில் மார்ச் 21, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டிச் சூரியன் தண்டவாளங்களின் நடுவே எழும், நடுவே விழும். உலகில் எங்கிருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். வேறு திசையில் போகும் பாதைக்கு வேறு தேதி. சூரியனின் திசையைக் காட்டும் ஃபோட்டோபில்ஸ், சன்கால்க் போன்ற செயலிகளில் பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பு. நடுவில் நின்று, இரண்டு தண்டவாளமும் தூரத்தில் ஒன்றுசேரும் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் கை அரிக்கும். எடுத்ததும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். பிறகு மூன்று காரியம் செய்யுங்கள்.

கீழே இறங்குங்கள். தண்டவாளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் 24 மில்லிமீட்டர் அளவு அகல லென்ஸை வைத்தால், முன்னால் இருக்கும் நாற்று மரமாகத் தெரியும், பாதை அதற்குப் பின்னால் அடங்கும். யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடும் கோணம் இது. அடுத்து, தூரம் போங்கள். 135 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸில் நீண்ட நேர்ப்பாதையைப் பார்த்தால், கண்ணுக்கு நேராகத் தெரிந்த தண்டவாளம் அலையலையாக நெளிவது தெரியும். தாழ்ந்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் கீழே ஈரம் இருக்கிறது. கடைசியாக, பாதையை விட்டே வெளியேறி வயலிலிருந்தோ எதிர்மேட்டிலிருந்தோ கரையைப் பக்கவாட்டில் எடுங்கள். பாதையில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு இந்தப் படம் கிடைப்பதே இல்லை. கரை எவ்வளவு பெரிய மனித வேலை என்பதும், அதை மரங்கள் எப்படி மறுபடி குன்றாக்கிக்கொண்டிருக்கின்றன என்பதும் அங்கிருந்துதான் தெரியும்.

கணக்கு எண்கள் கேட்பவர்களுக்கு: முக்காலியில் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8 முதல் 11 வரை. காற்றில் இலை ஆடினால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி 1/125 நொடிக்குக் குறையாமல் வையுங்கள், அல்லது பொறுமையாகக் காத்திருங்கள். மர நிழலில் வெளிச்சமே பச்சையாக இருக்கும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை அதைத் திருத்துகிறேன் என்று எல்லாவற்றிலும் இளஞ்சிவப்பை ஏற்றிவிடும். பகல் வெளிச்சம் என்று பூட்டிவிட்டு, ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, வீட்டில் திருத்துங்கள்.

சுரங்க வாசலை எடுக்கும்போது உள்ளிருந்து வெளியே பார்த்து எடுங்கள். ஒரே இடத்திலிருந்து இரண்டிரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் ஐந்து படம் எடுத்துப் பின்னால் இணைத்தால் செங்கல்லும் தெரியும், வெளியே இருக்கும் இலையும் தெரியும். இணைக்கும்போது இருட்டைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். சுரங்கம் வரவேற்பறை மாதிரி பளிச்சென்று இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். லென்ஸைத் துடையுங்கள், வெளிச்ச அளவைப் பூட்டுங்கள், அதி அகல லென்ஸைத் தவிருங்கள். இலைக் கூட்டத்தை அது பச்சைக் கூழாக்கும். புடைப்பெழுத்து, சிக்னல் கம்பியை விழுங்கிய மரத்தண்டு, கைகாட்டி மரத்தில் கட்டிய கூடு போன்ற நெருக்கப் படங்களில் கைப்பேசி பெரிய கேமராவுக்குச் சளைத்ததில்லை.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. படத்துக்காக எதையும் நகர்த்தாதீர்கள். குப்பையில் கிடந்த விளக்கைத் தண்டவாளத்தில் வைப்பது, கொடியை அறுத்துப் பெயர்ப்பலகையைத் தெரியவைப்பது, இதெல்லாம் வேண்டாம். கொடி மூடிய பெயர்ப்பலகைதான் அங்கே உண்மை. மூன்று எழுத்து மட்டும் தெரிந்தால் மூன்று எழுத்தை எடுங்கள்.

படி 7: எடுத்த பிறகு

நியூயார்க்கின் ஹை லைன் உயரப் பாதையில் கடைசி ரயில் 1980-இல் போனது. இருபது ஆண்டுகள் அதன்மேல் புல்லும் பூவும் தானாக வளர்ந்தன. நகரத்தில் பலர் அதை இடிக்க வேண்டும் என்றார்கள். கீழே நடந்தவர்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாது. 2000-2001-இல் புகைப்படக் கலைஞர் ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் ஒரு வருடம் நான்கு பருவங்களிலும் திரும்பத் திரும்ப ஏறி, பெரிய தகட்டுக் கேமராவில், ஆரவாரமில்லாமல் எடுத்த படங்கள்தான் ஜனங்களுக்கு அந்தப் புல்வெளியைக் காட்டின. 2009-இல் அதன் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலானவை மேகமூட்டமான வெளிச்சம், கண்மட்டம், நடுவில் பாதை. நான் மேலே திட்டிய அதே கோணம்தான். ஆனால் அவர் ஒரே பாதையை எல்லாப் பருவத்திலும் எடுத்தார், அதனால் எடுபட்டது. விதியை மீறும் வழி அது.

எனவே திரும்பப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்ற புள்ளி, லென்ஸ், கேமரா உயரம், நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பழைய படம் ஒன்று கிடைத்து அதே இடத்தில் மறுபடி எடுக்க விரும்பினால், அருகில் ஒரு பொருளும் தூரத்தில் ஒரு பொருளும் தேர்ந்தெடுங்கள். பாலத் தூணின் விளிம்பும் பின்னால் உள்ள குன்றின் உச்சியும் போல. பழைய படத்தில் அவை எப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அப்படி விழும்வரை இடமும் வலமும் நகருங்கள். இரண்டு ஜோடி பொருந்தினால் பழைய படக்காரர் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். நிழலின் சாய்வை வைத்து நேரத்தையும் பிடிக்கலாம்.

படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், குறிப்பாகத் தண்டவாளம் மிச்சமிருக்கும் இடம், வௌவால் சுரங்கம், ஏறினால் விழும் பாலம் ஆகியவற்றுக்கு. உங்கள் ரசிகருக்கு முன்னால் இரும்பு எடுப்பவர் அங்கே போய்விடுவார். பாதையின் பெயரையும் வரலாற்றையும் தாராளமாக எழுதுங்கள், புள்ளியைத் தராதீர்கள்.

நான் ஒரு பாதையின் கல் மதகில் முக்காலி வைத்து இரண்டு வருடம் ஒரே சட்டத்தில் எடுத்துவந்தேன். மேட்டுப் பக்கம் தேங்கிய குளம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது, அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மூன்றாம் வருடம் போனபோது மதகே இல்லை, நான் நின்ற புள்ளி காற்றில் இருந்தது. அறுந்த கரையைச் சுற்றி இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி குறித்துக்கொண்டு வந்தேன்.